வெளி உபயோகத்திற்கு மட்டும்

எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்தில் மலர் போடுகிறார்கள். மருந்துக் கவுண்டரில் நடந்த வேடிக்கையான அனுபவம் ஏதாவது இருந்தால் எழுதிக் கொடுங்கள், இளம் ஃபார்மசிஸ்டுகளுக்குப் பயன்படும் என்று செயலாளர் கேட்டார். எனக்கு ஒன்றுதான் ஞாபகம் வந்தது. அது வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது. நானே வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு நடந்ததை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

1. காந்தாத மருந்து

தோலுக்குப் போடுகிற மருந்து காந்த வேண்டும் என்பது எங்கள் பக்கத்து ஜனங்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. எரிந்தால் மருந்து வேலை செய்கிறது. எரியவில்லையென்றால் கம்பவுண்டர் எதையோ கலந்து ஏமாற்றிவிட்டான். படர்தாமரைக் களிம்பு வாங்கிப்போனவர் மறுவாரம் வந்து, "ஆத்தாடி, என்னா காந்து காந்துச்சு! இன்னுங் கொஞ்சம் குடுங்கய்யா" என்று சந்தோஷமாகக் கேட்பார்.

நான் வேலை பார்த்தது எழுமலைக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில் ஒரு சின்ன அரசு மருத்துவமனை. ஊர்ப் பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். குடியிருப்பு பழங்காநத்தத்தில். இரண்டு பஸ் மாறிப் போய் எட்டு மணிக்குக் கவுண்டரைத் திறப்பேன். வேலை ஆர்டரில் ஃபார்மசிஸ்ட் என்று இருக்கும், ஜனங்களுக்கு நான் கம்பவுண்டர். சிவப்பு மிக்சர், வெள்ளை மிக்சர், ஊதா மருந்து, சொறிக்கு ஒன்று, படர்தாமரைக்கு ஒன்று, இவ்வளவுதான் எங்கள் சரக்கு. மிக்சருக்குப் பாட்டில் கொண்டுவருவார்கள். களிம்புக்குச் சிரட்டையோ பூவரச இலையோ நீட்டுவார்கள். ஸ்பேட்டுலாவால் ஒரே இழுப்பு இழுத்து வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். பத்தரை மணிக்குள் வரிசையைக் காலி செய்துவிடுவான் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. அதில் எனக்குப் பெருமை.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்குப் புதிதாக ஒரு லேடி டாக்டர் வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். மார்கழி, தை மாதங்களில் எங்கள் சீமையில் அடிக்கிற வறண்ட காற்றை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. கையும் காலும் வெடித்து, செதில் செதிலாக உரிந்து, சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து மனுஷி மலைத்துப்போனார். ஒரு நாள் ஓ.பி. முடிந்ததும் என்னிடம் ஒரு தாளை நீட்டினார்.

"சார், வறண்ட தோல் மேல படர்தாமரை ஆயின்மெண்ட் போட்டா இருக்கிற தோலும் உரிஞ்சிரும். இத நாமளே தயார் பண்ண முடியுமா பாருங்க."

எமல்சிஃபையிங் வேக்ஸ், ஒயிட் சாஃப்ட் பாரஃபின், லிக்விட் பாரஃபின், கொஞ்சம் ஊல் ஃபேட், கொஞ்சம் கிளிசரின், மீதி தண்ணீர். இண்டெண்ட் போட்டுச் சாமான்களை வரவழைத்தோம். மெழுகையும் எண்ணெயையும் வாட்டர் பாத்தில் உருக்க வேண்டும். தண்ணீரை அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, ஊற்றிக்கொண்டே ஒரே பக்கமாகக் கிண்ட வேண்டும். ஆறுகிற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. முதல் தடவை யாரோ கவுண்டரைத் தட்டினார்கள் என்று எழுந்து போனேன், திரிந்துவிட்டது. இரண்டாம் தடவை தண்ணீர் சூடு போதாமல் கட்டி தட்டியது. மூன்றாம் தடவை வந்தது பாருங்கள், கடைந்தெடுத்த வெண்ணெய்தான். விரலில் எடுத்தால் சரியாமல் நிற்கும், தேய்த்தால் தோலுக்குள் போகும்.

ஜனங்களுக்குக் கொடுக்குமுன் என் கையிலேயே போட்டுப் பார்த்தேன். ஸ்பிரிட்டிலும் லைசாலிலும் புழங்கி என் கைகளும் சொரசொரவென்றுதான் இருந்தன. இடது கையில் மட்டும் கிரீம், வலது கை சும்மா. பத்தே நாளில் வித்தியாசம் தெரிந்தது. "ஒரு கை மாப்பிள்ளை கை, ஒரு கை கொத்தனார் கை. எந்தக் கையால சோறு வேணும்?" என்று என் மனைவி கேலி செய்தாள்.

ஆனால் வாங்கிப்போன முதல் ஆள் மறுநாளே டப்பியோடு திரும்பி வந்தார். "என்னாண்ணே, காந்தவே இல்ல? மூஞ்சிக்குப் பூசுற ஸ்னோவக் குடுத்து ஏமாத்துறீகளா?"

இது மருந்துதான் என்று இவர்களை எப்படி நம்ப வைப்பது? எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஸ்டோரில் யாரும் தொடாத லேபிள் கட்டு ஒன்று கிடந்தது. பின்பக்கம் பசை தடவியது, எச்சில் தொட்டு ஒட்டலாம். சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் 'வெளி உபயோகத்திற்கு மட்டும்' என்று அச்சடித்திருக்கும். சிரட்டையில் லேபிள் ஒட்டி என்ன செய்ய என்று அதுவரை அதை நான் எடுத்ததே இல்லை. டாக்டரம்மா மதுரையிலிருந்து மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பிகள் வாங்கி வந்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு லேபிளை நேராக ஒட்டினேன். அசல் கம்பெனி மருந்து தோற்றுப்போகும். அதற்கப்புறம் ஒருத்தரும் ஸ்னோ என்று சொல்லவில்லை.

2. அங்கம்மா

அந்த வருஷம் பள்ளிக்கூடங்களில் சத்துணவு ஆரம்பித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலைக்கு அங்கம்மா என்கிற பெண்ணைப் போட்டிருந்தார்கள். முப்பது வயது இருக்கும். கிணறு வெட்டும்போது மண் சரிந்து புருஷன் இறந்துபோய்விட்டான். ஒரே மகள், அதே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருந்த காலனியில் வீடு. அந்தத் தெருவில் மாதச் சம்பளம் வாங்குகிற முதல் ஆள் அவள்தான்.

அந்த ஊர் எனக்கு வேறு விதத்திலும் தெரியும். என் அக்கா வாக்கப்பட்ட ஊர். அக்கா வீடு கண்மாய்க்கு இந்தப் பக்கம், ஊருக்குள் இருந்தது.

அங்கம்மா வரிசையில் நின்றபோது இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். டாக்டரம்மா முன்னால்தான் வெளியே எடுத்தாள். உள்ளங்கை முழுக்க வெடிப்பு. விரல் இடுக்குகள் சிவந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. பெரிய பெரிய அலுமினிய அண்டாக்களைச் சாம்பலும் சோடா உப்பும் போட்டுத் தேய்க்கிற கை. அதோடு தினம் அத்தனை பிள்ளைகளுக்கும் புளி கரைக்கிற கை.

ஓ.பி. சீட்டில் எதையோ குறித்துவாங்க உள்ளே போனவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா அவளைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சாலும் குண்டூசி நுனியாலும் மாற்றி மாற்றித் தொட்டார்.

"தெரியுதா?"

"தெரியுதும்மா. குத்துது. நல்லாவே தெரியுது." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எந்த வியாதிக்காக அப்படித் தொட்டுப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காலத்தில் அது எல்லோருக்கும் தெரியும். பெருநோய் என்று வாய்விட்டுச் சொல்லக்கூட மாட்டார்கள்.

"அழாதீங்க. இது அது இல்ல. யாருக்கும் ஒட்டாது. சோடாவும் சாம்பலும் பண்ணின வேலை. ஒரு கிரீம் தர்றேன். எத்தனை தடவை கை கழுவுறீங்களோ, அத்தனை தடவையும் துடைச்சிட்டு தடவணும். விடாம தடவினா ஒரு மாசத்துல ஆறிடும்."

"ஒரு மாசந்தாம்மா கெடு குடுத்திருக்காக. கை ஆறலைன்னா வேற ஆளப் போட்டுக்கிருவோம்னு சத்துணவு அமைப்பாளரம்மா சொல்லிட்டாக. இந்த வேல போச்சுன்னா எனக்கும் எம்மகளுக்கும் ஒண்ணுமில்ல."

"ஆறிடும்," என்றார் டாக்டரம்மா.

கவுண்டரில் டப்பியைக் கொடுத்தேன். அங்கம்மா அதை வாங்கி லேபிளைப் பார்த்தாள். ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி, கொஞ்சம் சத்தமாகவே, "வெளி உப...யோகத்திற்கு மட்டும்" என்று வாசித்தாள். பின்னால் நின்ற பெண்களைப் பார்த்து ஒரு சின்ன சிரிப்பு வேறு.

"வாசிச்சிட்டேன்யா. இதுல போட்டிருக்கபடியே செய்றேன்."

"செய்யி, செய்யி. அடுத்து யாரு?" என்றேன்.

3. நான் சிரித்தது

மூன்று வாரம் கழித்து வந்தாள். அன்று டாக்டரம்மா மதுரையில் மீட்டிங்குக்குப் போயிருந்தார். கையை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். நீர்க்கசிவு நின்றிருந்தது. வெடிப்புகள் பாதி மூடியிருந்தன. இன்னும் நன்றாக ஆறியிருக்க வேண்டும் என்று பட்டது. என் கிரீம் ஆயிற்றே.

"ஒழுங்காத் தடவுனியா?"

"தடவுனேன்யா. போட்டிருந்தபடிதான். வெளியில மட்டுந்தான் தடவுனேன். ஒரு தடவகூட வீட்டுக்குள்ள தடவல. மழ தூத்துன அன்னைக்கும் வெளியில வந்து நின்னுதான் தடவுனேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். லேபிளில் இருந்ததை வரிசைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டி, "இந்தம்மா வெளியில நின்னே உபயோகிச்சிருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் அங்கம்மாவும் கூடச் சிரித்தாள்.

"வெளி உபயோகம்னா ஒடம்புக்கு வெளியில, தோல் மேல தடவுறது. வாய்க்குள்ள போட்டுறாதன்னு அர்த்தம். எங்க நின்னு தடவுனா என்ன?"

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"அப்ப உள்ளயே தடவியிருக்கலாமாய்யா?"

"தாராளமா."

"அடுப்படியிலேயே?"

"ஆமா."

அவள் டப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள். நான் கவுண்டருக்கு மேல் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவை கை கழுவியதும் பள்ளிக்கூடக் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வருவாளாம். அங்கே நின்று இரண்டு கையிலும் முழங்கை வரை வெள்ளை வெளேரென்று பூசுவாளாம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். எதிர்க் கடைக்காரர் என்ன மருந்து என்று கேட்டாராம். இவள் டப்பியைக் காட்டியிருக்கிறாள்.

"செவப்பு எழுத்தப் பாத்ததும் அவரு கைய எடுத்துக்கிட்டாருய்யா. வெளியில வச்சுத்தான் பொழங்கணும்னு போட்டிருந்தா, அது அந்தப் பெரிய வியாதிக்குத்தான்னு சொல்லிட்டாரு. டாக்டரம்மா இல்லன்னு சொன்னாகளேன்னு சொன்னேன். மனசு நோகக் கூடாதுன்னு சொல்லியிருப்பாகன்னாரு. எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அதான் மகள ஒரு வாரமா பக்கத்துல படுக்க வைக்கல."

"இப்ப?"

"திங்கக்கெழமையிலேருந்து ஊர்ப் பிள்ளைக சாப்பிட மாட்டேங்குதுக. வீட்டுலேருந்து தூக்குல சோறு வருது. அமைப்பாளரம்மா என்னய அடுப்படிக்குள்ள வர வேணாம்னுட்டாக. பின்னால நின்னு வெறகு பொளந்து போடுறேன்."

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. நான் இன்னொரு டப்பி எடுத்தேன், லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுக் கொடுத்தேன். எல்லாம் முடிந்த பிறகு வந்த அறிவு.

மறுநாள் முதல் ஓய்வு பெறும்வரை, லேபிளில் இருப்பதை ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லாமல் நான் மருந்து கொடுத்ததில்லை. இளம் ஃபார்மசிஸ்டுகளுக்கு அதைச் சொல்லி இங்கேயே முடித்திருந்தால் செயலாளர் கேட்டது கிடைத்திருக்கும்.

4. மச்சான் வீடு

டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்விதான். "நீங்க சொல்லிக் குடுக்கலியா சார்?"

அவர் ஒரு சர்டிஃபிகேட் எழுதினார். தமிழில், ஐந்தாவது படித்தவருக்கும் புரிகிற மாதிரி. இது ஒட்டுவியாதி இல்லை, இவர் சமைப்பதில் எந்தத் தடையும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு அவரே பள்ளிக்கூடத்துக்குப் போனார். அங்கம்மாவைச் சமைக்கச் சொல்லி, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து தட்டில் வாங்கிச் சாப்பிட்டார். காலனிப் பிள்ளைகள் சாப்பிட்டன. ஊர்ப் பிள்ளைகள் தூக்குவாளியைத் திறந்தன.

திரும்பி வந்த டாக்டரம்மா என்னிடம், "உங்க அக்கா அந்த ஊர்தானே? நீங்க சொன்னா கேப்பாங்களா?" என்றார்.

"மச்சான் அங்க முக்கியமான ஆளுதாம்மா. நான் பேசுறேன்," என்றேன். நிஜமாகவே நம்பிக்கையோடுதான் சொன்னேன்.

என் மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல மனிதர். அப்பா இறந்தபின் என்னைப் படிக்க வைத்தது அவர்தான். லீவுக்கு அவர் வீட்டுக்குத்தான் போவேன். ஊரில் யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் வண்டி பூட்டிக்கொண்டு முதல் ஆளாக வருவார். அதனால்தான் சர்டிஃபிகேட்டின் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தைரியமாகப் போனேன்.

கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். லேபிளைப் பற்றி, நான் சிரித்ததைப் பற்றி, ஊசியால் குத்திப் பார்த்ததைப் பற்றி. மச்சான் குறுக்கே பேசாமல் கேட்டார். தாளைக்கூட வாங்கி வாசித்தார். பிறகு மடித்து என்னிடமே கொடுத்தார்.

"மாப்ள, அவ கையில வியாதி இல்லன்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன பச்சப்பிள்ளையா?"

"பெறகென்ன மச்சான்?"

"அவ ஆக்குனத நம்ம பிள்ளைக திங்கணுமா? அத வாய்விட்டுச் சொல்ல முடியுமா இப்ப? சொன்னா கேசுங்கிறான், கலெக்டர்ங்கிறான். ஆறு மாசமா என்னடா வழின்னு முழிச்சிக்கிட்டிருந்தோம். ஒன் மருந்து வந்துச்சு." அவர் சிரித்தார், என் தோளில் கை போட்டார். "அம்புட்டு பேருக்கும் நடுவுல, ரோட்டுல நின்னு பூசினா பாரு! நீ செஞ்சது பெரிய ஒத்தாசை மாப்ள."

அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. மனதாரத்தான் சொன்னார்.

"அவ கை நல்லாயிட்டா?" என்று கேட்டேன். எனக்கே அசட்டுத்தனமாகப் பட்டது.

"நல்லாயிட்டா நல்லது. அவளும் பொழைக்கணும்ல. காட்டு வேல கெடக்கு, செய்யட்டும். நீ இதுல தலையிடாத. ஒங்க அக்கா இங்க வாழுறா, அதையும் நெனச்சுக்க."

உள்ளேயிருந்து அக்கா கூப்பிட்டாள். கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். எனக்குப் பிடிக்கும் என்று ஈரலைத் தனியாக வறுத்து எடுத்து வைத்திருந்தாள். எழுந்து வந்துவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எழுந்து வரவில்லை. மச்சானோடு சேர்ந்து உட்கார்ந்தேன். இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

5. இன்னும் ஒரு மாதம்

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம், "பேசியிருக்கேன்மா, பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க" என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. மேலிடத்துக்கு இரண்டு கடிதம் எழுதினார் என்று பின்னால் தெரிந்தது. பதில் வருவதற்குள் அவருக்கு மாறுதல் வந்துவிட்டது.

அங்கம்மாவிடம், "மொதல்ல கை முழுசா ஆறட்டும். ஒரு தழும்பு இல்லாம ஆகட்டும். பெறகு எவன் என்ன சொல்ல முடியும்?" என்றேன்.

அவள் நம்பினாள். பள்ளிக்கூடத்தில் ஊருக்குள்ளிருந்து ஒரு விதவைப் பெண்ணைத் தற்காலிகமாக என்று சொல்லிப் போட்டார்கள். தற்காலிகம் என்கிற அந்த வார்த்தையை அங்கம்மா இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஐந்து மைல் நடந்து, டப்பியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு வருவாள். நான் நிரப்பிக் கொடுப்பேன். இப்போது வீட்டுக்குள் வைத்துத்தான் தடவுகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

கிரீம் என் கையில் செய்ததை அவள் கையிலும் செய்தது. வெடிப்பு மூடியது. செதில் போயிற்று. விரல் இடுக்கில் புதுத் தோல் வந்தது. இரண்டாம் மாதம் முடியும்போது அந்தக் கைகளில் ஒன்றுமே இல்லை.

"இன்னும் எம்புட்டு நாளுங்கய்யா தடவணும்?" என்று கேட்டாள்.

இனி வேண்டாம் என்று சொன்னால், அடுத்து அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். "இன்னும் ஒரு மாசம்," என்றேன்.

அந்த ஒரு மாதமும் முடிந்து ஒரு நாள் வந்தாள். அன்று கூட்டம் இல்லை. டப்பியைக் கவுண்டரில் வைத்தாள். எடுத்தால் கனத்தது. திறந்து பார்த்தேன், முக்கால்வாசி அப்படியே இருந்தது. இரண்டு கைகளையும் விரித்து என் முன்னால் நீட்டினாள்.

"பாருங்கய்யா. இதுல இன்னும் என்ன கொற இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"நேத்து கண்மாய்க்கரையில ஒங்க மச்சானப் பாத்தேன். நீங்க சொல்லியிருப்பீகன்னு நெனச்சு, கிட்டப் போயி இப்படித்தான் கைய நீட்டிக் காட்டுனேன். கையப் பாக்கவே இல்லய்யா. தள்ளி நில்லுன்னாரு. கை எப்படியிருந்தா என்னன்னு அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு." அவள் குரலில் கோபம் இல்லை. ஒரு கணக்கைச் சரிபார்க்கிறவள் மாதிரி கேட்டாள். "ஒங்களுக்கு முன்னமே தெரியுமாய்யா?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். நீட்டிய கையை அவள் இன்னும் மடக்கவில்லை.

"தெரியும்," என்றேன்.

"எப்பலேருந்து?"

"நீ ரெண்டாவது டப்பி வாங்கிட்டுப் போன வாரத்துலேருந்து."

அவள் கையை மடக்கினாள். முந்தானைக்குள் வைக்கவில்லை, இடுப்பில் ஊன்றிக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா களையெடுக்கப் போயிருப்பேனேய்யா. மறுபடி வெடிச்சிரும், வேல தர மாட்டாகன்னு இம்புட்டு நாளும் காட்டு வேல எதையும் தொடல. பருத்தி எடுக்கக் கூப்பிட்டாக, போகல. எம்மகளும் நானும் ஒரு நேரக் கஞ்சியோட கெடந்து இந்தக் கையப் பொத்திப் பொத்தி வச்சிருந்தோம்."

திறந்து கிடந்த டப்பியை மூடினேன்.

"வாரேன்யா," என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. மகளை அழைத்துக்கொண்டு கம்பம் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட்டதாக அக்காதான் ஒரு தடவை பேச்சுவாக்கில் சொன்னாள்.

இளம் ஃபார்மசிஸ்டுகளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மருந்தைத் தப்பாகப் புரிந்துகொண்டது அங்கம்மா செய்த பிழை இல்லை, அது என் பிழை. அதைக்கூட யாராவது மன்னித்துவிடலாம், அன்று நிஜமாகவே எனக்குத் தெரியாது. ஆனால் மச்சான் வீட்டிலிருந்து வந்த பிறகு எனக்கு எல்லாம் தெரியும். அவளுக்கு எதிரே நின்று உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, மூன்று மாதம், கடைசியில் ஆறிப்போன கைக்கும், களிம்பு கொடுத்தேன். அந்த மூன்று மாதமும் மருந்து தேவைப்பட்டது எனக்குத்தான். பட்டினி கிடந்தது அவளும் அந்தப் பிள்ளையும்.